ஒரு மில்லிமீட்டர் மரம்

மரவேலையில் கடைசலுக்கென்று தனி நியாயம் ஒன்று உண்டு. இழைப்புளி பிடித்த தச்சரின் கை ஓடும், மரம் அசையாமல் கிடக்கும். கடைசல் பட்டறையிலோ மரம் சுழல, உளி பிடித்த கை அதன் முன்னால் நிதானமாக நகரும். கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படியின் கைப்பிடித் தூண், பம்பரம், பூரிக்கட்டை, அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் என வீடுகளில் புழங்கும் உருண்டு திரண்ட மரச் சாமான்கள் பெரும்பாலும் இந்த நியாயத்தில் பிறந்தவையே. அவற்றுள் மிகச் சிறியதும், அளவில் மிகக் கண்டிப்பானதும் மரப் பேனாதான். பூரிக்கட்டையில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பூரி வட்டமாகவே வரும். பேனாவில் அதில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

மரப் பேனா என்று சொல்லப்படுவது முழுக்க மரமன்று என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசல்காரர்கள் பெரிதும் விரும்பும் மெல்லிய திருகு பேனாவின் உள்ளே 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு பித்தளைக் குழல்கள் இருக்கின்றன. முனை, நடுவளையம், கிளிப், ரீஃபிலை முன்னும் பின்னும் தள்ளும் திருகு ஆகிய உலோக உறுப்புகள் எல்லாம் அக்குழல்களில்தான் இறுக்கிச் செருகப்படுகின்றன. மரம் அக்குழல்களின் மேல் போர்த்திய தோல். உலோக உறுப்பைத் தொடும் ஓரங்களில் அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடைசலுக்கு எடுக்கும் கட்டை சுமார் 19 மில்லிமீட்டர் சதுரமும் 12 அல்லது 13 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. வேலை முடிந்தபின் அந்தக் குறுக்குப் பரப்பில் ஒரு சிறு பங்கே மரமாக மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் சீவலாகவும் தூளாகவும் தரையில் கிடக்கிறது. ஆகவே மரப் பேனாவைக் கையில் வாங்கியவுடன் ‘இது என்ன மரம்?’ என்று கேட்பது இயல்பே என்றாலும், அக்கேள்வி ரசனையின் வாசற்படியில் நின்றுவிடுகிறது. இவ்வளவு மெல்லிய தோலை உடையாமலும் கோணாமலும் மிச்சப்படுத்திய கை எத்தகையது என்பதே உள்ளே இட்டுச் செல்லும் கேள்வி.

கடைசல் மிகப் பழைய தொழில். வில்லின் நாணைத் தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்து மரத்தைச் சுழற்றிய காலத்திலிருந்து மின்மோட்டார் வரை அது வந்திருக்கிறது. 1701-இல் சார்ல் பிளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி கடைசலுக்கென்றே ஒரு பெரும் படநூலை லியோன் நகரில் வெளியிட்டார்; அவர் தாவரவியலாளரும் ஆவார், கோயில் முற்றங்களில் பூ உதிர்த்து நிற்கும் ஈழத்தலரியின் பேரினமான புளுமேரியா அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. உருசியப் பேரரசர் முதலாம் பீட்டருக்கும் கடைசலில் தீராத மோகம் இருந்தது. மையைத் தொட்டெழுதும் பேனாக்களின் மரக் கைப்பிடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடையப்பட்டன. ஆனால் தனியொருவர் தம் வீட்டுப் பட்டறையில் முழுப் பேனாவையே செய்து முடிப்பது, உலோக உறுப்புகள் தொகுப்பாக விற்பனைக்கு வந்த பிறகுதான், அதாவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், பரவலாயிற்று.

பேனாவின் தலைவிதி உளி படுவதற்கு முன்பே பாதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு, வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளையோ சுருங்காது. சரியாகக் காயாத கட்டையில் செய்த பேனா, கடைந்த அன்று கண்ணாடிபோல் இருந்தாலும், சில வாரங்களில் மரம் இறுகி, இடம்கொடுக்காத குழலின்மேல் நெடுக்கே வெடித்துவிடும். கருங்காலி இவ்விஷயத்தில் பேர்போன முரடு: அடர்ந்த மரமாதலால் உள்ளீரம் எளிதில் வெளியேறாது, மேலே காய்ந்ததுபோல் காட்டி ஏமாற்றும். அதனால் நல்ல கடைசல்காரர்கள் கருங்காலிக் கட்டைகளை வாங்கியவுடன் கடைவதில்லை. எடை போட்டு எழுதி வைத்து, எடை குறைவது நின்றபின்தான் கையில் எடுப்பார்கள்.

காய்ந்த கட்டையை இரண்டாக அறுக்கும் முன் அதன் நடுவில் பென்சிலால் ஒரு குறி இடப்படும். இந்தச் சின்னக் குறியில் பெரிய சூட்சுமம் இருக்கிறது. பேனாவின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே கட்டையிலிருந்து வந்தவை. நடுவளையத்தைத் தாண்டியும் மரத்தின் ரேகை தொடர்ந்து ஓட வேண்டுமானால் அறுத்த இரு முகங்களும் மீண்டும் எதிரெதிராகவே பொருந்த வேண்டும். வாள் தின்ற ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போனது போனதுதான், ஆகவே ரேகை முற்றிலும் பொருந்தாது. எனினும் நேர்வரி மரத்தில் கண்ணை ஏமாற்றும் அளவுக்குப் பொருத்திவிடலாம். துளை போடுவதும் அந்த நடுமுகத்திலிருந்தே தொடங்க வேண்டும். டிரில் பிட் உள்ளே போகப் போக நார்ப்போக்கை ஒட்டி விலகிச் செல்லும் இயல்புடையது, நுழையும் இடத்தில்தான் அது நேராக இருக்கும். விலகல் ஏற்பட்டால் அது வெளிமுனைகளுக்குப் போகட்டும், கண் முதலில் விழும் நடுப்பகுதி நேராக இருக்கட்டும் என்பது கணக்கு. சிறிது ஆழம் போனதும் பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதற வேண்டும். உதறாமல் அழுத்தினால் உள்ளே சூடேறி, மரம் கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டுக்கொள்ளும்.

துளையில் குழலை ஒட்டுவது பார்வைக்கு எளிய வேலை, ஆனால் பிற்காலத்து விபத்துகள் பல இங்கேதான் விதைக்கப்படுகின்றன. வழவழப்பான பித்தளையில் பசை பிடிக்காது, அதனால் குழலின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். பசை குழலின் உட்புறம் புகுந்தால் திருகும் முனையும் பிறகு உள்ளே போகாது. அதைத் தடுக்கப் பச்சை உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி, குழலின் முனையை அதில் அழுத்தி எடுக்கும் பழக்கம் கடைசல்காரர்களிடையே உண்டு. கிழங்கு அடைப்பானாக நின்று பசையைத் தடுக்கும், காய்ந்தபின் சுருங்கித் தானே கழன்று வரும். பசை தடவிய குழலைத் திருகியபடியே நுழைப்பதால் பசை சுற்றிலும் பரவுகிறது. அவசரத்தில் நேராகத் தள்ளினால் ஒருபக்கம் பசையில்லாத வெற்றிடம் நின்றுவிடும், பின்னர் உளி அந்த இடத்திற்கு வரும்போது ஆதரவில்லாத அந்த மெல்லிய மரம் சில்லாகப் பெயர்ந்து பறக்கும்.

ஒட்டியபின் கட்டையின் முகங்களைக் குழலுக்குச் செங்குத்தாகச் சீவ வேண்டும். இதற்கென்று உள்ள வெட்டுக்கருவியின் நடுத்தண்டு குழலுக்குள் சென்று வழிகாட்ட, அதன் பற்கள் மரத்தின் முகத்தை மட்டும் சுரண்டும். பித்தளையின் ஓரம் முழு வட்டமாக மின்னத் தொடங்கிய கணத்தில் கையை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினாலும் குழல் குட்டையாகி, ரீஃபில் முனை மடங்க வேண்டியபோது மடங்காமல் வெளியே எட்டிப் பார்க்கும். முகம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலோ, பேனாவைப் பூட்டியபின் நடுவளையத்தின் ஒருபுறம் கறுப்புக் கோடாக இடைவெளி தெரியும். மரத்தின் நிறம் எவ்வளவு சிறந்ததாயினும் அந்தக் கோடு அதைக் கெடுத்துவிடும்.

இனிக் கடைசல். மாண்ட்ரல் எனப்படும் மெல்லிய எஃகுத் தண்டில் இரண்டு கட்டைகளையும் கோத்து, அவற்றின் இரு ஓரங்களிலும் நடுவிலும் புஷ் என்னும் எஃகு வளையங்களை இட்டு, இயந்திரத்தின் இரு முனைகளுக்கிடையே பூட்டுவார்கள். புஷ்ஷின் விட்டம் அங்கே வரவிருக்கும் உலோக உறுப்பின் விட்டம்தான். மரத்தை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும். கேட்பதற்கு இது படிக்கல் வைத்து நிறுப்பதுபோல் சுலபமாகத் தோன்றுகிறது. ஆனால் பின்முனையின் திருகைச் சற்று அதிகமாக இறுக்கினாலே மெல்லிய மாண்ட்ரல் வளைந்துவிடும், வளைந்த தண்டில் சுழலும் கட்டை நடுவம் தவறும், முடிவில் மரம் ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும். பேனாவின் ஓரத்தை நகத்தால் ஒரு சுற்றுத் தடவினால், ஓரிடத்தில் மரம் உலோகத்தைவிட மேடாகவும் நேரெதிரில் பள்ளமாகவும் தட்டுப்படுமானால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சதுரக் கட்டை நிமிடத்திற்கு 2000 சுற்றுக்கு மேல் சுழலும்போது, அரைவட்ட வாயுள்ள தடித்த உளி முதலில் மூலைகளைத் தட்டும். அப்போது எழும் படபடப்பு ஒலி, மூலைகள் தேயத் தேய மெலிந்து, கட்டை உருண்டையானதும் ஒரே சீரான ரீங்காரமாக மாறும். அனுபவசாலிகள் கண்ணைவிடக் காதையே நம்பி அடுத்த உளிக்கு மாறுகிறார்கள். அடுத்தது சாய்ந்த வாயுள்ள தட்டையான உளி. கடைசல் உளிகளில் மிகவும் அழகாகச் சீவுவதும், மிகவும் அஞ்சப்படுவதும் இதுதான். உளிவாய்க்குப் பின்னாலுள்ள சாய்முகம் மரத்தின்மேல் தழுவியிருக்க, வாயின் கீழ்ப்பகுதி மட்டும் மரத்தில் பட வேண்டும். அப்படிப் பட்டால் தூள் பறக்காது. பென்சில் சீவியதுபோல் மெல்லிய சுருள்கள் உளியின் மேல் வழிந்து கை முழுவதும் படியும். மேல்மூலை மரத்தைத் தொட்டுவிட்டால் உளி கவ்விக்கொண்டு, வினாடிக்கும் குறைவான நேரத்தில் மரத்தில் திருகாணிப் புரிபோல் ஒரு வெட்டு விழும், பெரும்பாலும் அந்தப் பேனா அத்தோடு முடியும். இந்த அச்சத்தால் பலர் இப்போது மாற்றக்கூடிய கார்பைடு வில்லை பொருத்திய கருவிகளுக்குப் போய்விட்டார்கள். அவை சீவுவதைவிடச் சுரண்டுகின்றன. சுரண்டிய மரத்தில் நார்நுனிகள் கிழிந்து நிற்கும், அதை மறைக்க உப்புத்தாள் நெடுநேரம் உழைக்க வேண்டும். சாய்வாய் உளி அறுத்த மரமோ, உப்புத்தாள் படுமுன்பே மினுங்கும். ஒரு கடைசல்காரரின் தரத்தை அறிய அவருடைய பேனாவைவிட அவர் காலடியில் கிடக்கும் குப்பையைப் பார்ப்பது சில வேளைகளில் பயன்தரும்.

வடிவத்தில் குறைவாகச் செய்வதே நிறைவாக நிற்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் கட்டில் காலில் செய்யும் குமிழும் கழுத்தும் வளையமும் பேனாவில் செய்து பார்ப்பார்கள். எழுதத் தொடங்கிய இரண்டாம் பக்கத்தில் அந்தக் குமிழ்கள் விரலை உறுத்தும். ஓரத்திலிருந்து நடுவுக்கு மிகமிகச் சிறிதாகப் பூரித்து மீண்டும் அடங்கும் ஒற்றைக் கோடுதான் எல்லாவற்றிலும் கடினமானது, ஏனெனில் அதில் ஒரு பள்ளமோ ஒரு தட்டையோ விழுந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தவுடன் ஒளிக்கீற்று அங்கே நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். கட்டையைச் சாய்வாக அறுத்து நடுவே வேறு நிற மரத் தகடு ஒட்டி, அவ்வாறே நான்கு பக்கமும் செய்து கடைந்தால், ஒன்றையொன்று பின்னிச் செல்லும் முடிச்சு வளையங்கள் தோன்றும். இந்தச் சாதுரியம் முதல் பார்வைக்கு வியப்பூட்டக்கூடியதே. எனினும் நாள்தோறும் எழுதும் பேனாவில் அது சீக்கிரம் சலித்துவிடுகிறது. மரத்தின் சொந்த ரேகைக்கு அங்கே பேச இடமில்லாமல் போகிறது.

அடுத்து மெருகு. சுழலும் மரத்தில் உப்புத்தாளைப் பிடித்தால் அது சுற்றுவாட்டில் கீறல்களை விடும்; ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் பிறகு இயந்திரத்தை நிறுத்தி, நார்ப்போக்கை ஒட்டி நெடுக்குவாட்டில் கையால் தேய்த்த பின்னரே அடுத்த மென்தாளுக்குப் போக வேண்டும். இதைச் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது சன்னல் வெளிச்சத்தில் தெரியும். பூச்சில் இரு கட்சிகள் உள்ளன. ஒரு கட்சி, நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையையே மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவிக் கண்ணாடிபோல் ஆக்குகிறது. வியர்வையும் மையும் அதைத் தொடாது, பளபளப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் விரல் தொடுவது மரத்தையன்று, ஞெகிழியை. மற்றொரு கட்சி, ஆளி விதை எண்ணெயையோ, அவலரக்கைச் சாராவியில் கரைத்த மெருகையோ, சுழலும் மரத்தில் துணியால் அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே படியவைக்கிறது. இரண்டாவது முறையின் உறவுகள் தென்னிந்தியாவுக்கு மிக அருகில் இருக்கின்றன. கருநாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏடிகொப்பாகாவிலும் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைபவர்கள், நிறமேற்றிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராய்வில் அரக்கு உருகிப் பரவுகிறது. சன்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை அழுத்தி ஒளியேற்றுகிறார்கள். எண்ணெயும் அரக்கும் சில மாதங்களில் மங்கும் என்பது உண்மைதான். மங்கியபின் கையின் எண்ணெயும் உழைப்பும் சேர்ந்து மரத்திற்குத் தரும் மெருகைக் கண்ணாடிப் பூச்சு ஒருநாளும் தராது. இந்த வழக்கில் தீர்ப்பு இரண்டாம் கட்சிக்கே.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதும் நியாயமன்று. ஈட்டியின் ஊதாவும் பழுப்பும் கலந்த வரிகளுக்கு ஈடு குறைவு. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. முறையான சீட்டில்லாத செம்மரக் கட்டை பேனா அளவினதாயினும் குற்றமே. பெத்லகேம் பகுதியில் ஒலிவ மரங்களைக் கவாத்துச் செய்யும்போது கிடைக்கும் கிளைகள் மஞ்சள் நிலத்தில் கரும்பழுப்பு வரியோடும் அழகிய பேனாக்களாகின்றன. அயர்லாந்தின் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து, தன் துவர்ப்பும் நீரிலுள்ள இரும்பும் கூடிக் கறுத்த ஓக் மரமும் கடைசலுக்கு வருகிறது. புளிய மரத்தின் வெளிறு பூஞ்சை பிடித்துப் பாதி உளுத்த நிலையில் தன் மதிப்பை அடைகிறது: ஒன்றோடொன்று மோதும் பூஞ்சைக் கூட்டங்கள் தத்தம் எல்லையில் எழுப்பும் கறுப்புக் கோடுகள், வெளிர்ந்த மரத்தில் மையால் வரைந்த வரைபடம்போல் ஓடும். உளுத்த மரம் உளியில் நிற்காது என்பதால் வெற்றிடத்தில் பிசினை உறிஞ்சவைத்துச் சூட்டில் இறுக்கியபின்தான் அதைக் கடைய முடியும்.

தமிழருக்கு நெருக்கமான ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கிறது: பனை. மேல்நாட்டுக் கடைசல்காரர்கள் கரும்பனை என்ற பெயரில் வாங்குவது நம் பனைமரமே. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. மென்மையான பழுப்புத் தசைக்குள் இரும்புக் கம்பிபோல் கறுத்த நார்கள் நெடுக்கே ஓடும். உளி மென்மையைத் தோண்டி வன்மையைப் பிய்த்தெடுக்கும், ஆகவே கடையும்போதே அடிக்கடி நீர்த்த பசையை ஊறவிட்டு நார்களைக் கட்டுப்படுத்த வேண்டும். கட்டையை நேராக எடுத்தால் பேனாவில் கறுப்புக் கோடுகளும், சாய்வாக எடுத்தால் புள்ளிகளும் சிறு நீள்வட்டங்களும் கிடைக்கும். ஓலையாக எழுத்தைச் சுமந்த மரம் எழுதுகோலாகவும் ஆகும் இந்த இடத்தில், நம் ஊர்ப் பட்டறைகள் இன்னும் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்பது குறையே.

ரீஃபில் பேனாவிலிருந்து மைப்பேனாவுக்குப் போகும்போது மரம் தடுமாறுகிறது. மை நீர்த்தன்மையுடையது, மரம் அதை உறிஞ்சும், உப்பும், கறைபடும். எனவே நிப்பையும் நாக்கையும் தாங்கும் கழுத்துப் பகுதியை எபோனைட்டில் செய்வதே அறிவு. எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய கடினப் பொருள். மைக்கு அசையாது, கைக்குக் குளிராது, கடைசல் உளிக்குப் பணியும். இந்தியாவின் கைக்கடைசல் மைப்பேனா மரபு இதன்மேல்தான் நிற்கிறது. காந்தியடிகளின் சுதேசிப் பற்றுக்கு இசைய ராஜமந்திரியில் கே. வி. ரத்னம் கையால் செய்த பேனா 1935-இல் அவருடைய பாராட்டைப் பெற்றது. சென்னையை அடுத்த திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் கையால் கடையப்படுகின்றன. மூடியும் உடலும் திருகிக்கொள்ளும் புரிகளை மரத்திலேயே வெட்ட விரும்புபவர், கிளாரினெட் செய்யப் பயன்படும் ஆப்பிரிக்கக் கருமரம்போல் அடர்த்தி மிக்கவற்றை நாட வேண்டும். தேக்கில் வெட்டிய புரி நான்கு திறப்பில் பொடிந்துவிடும். எபோனைட்டுக்கு நார்ப்போக்கு இல்லை, ஈரம் இல்லை, வஞ்சகமும் இல்லை. அதனாலேயே மரத்தைப் பழகிய கை எபோனைட்டில் எளிதாக வெல்லும், எபோனைட்டைப் பழகிய கை மரத்தில் கொஞ்ச காலம் திணறும்.

மரப் பேனா வாங்க நினைப்பவர் மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் மூன்று இடங்களைப் பார்த்தால் நல்லது: மரம் உலோகத்தைத் தொடும் ஓரங்களை நகத்தால் ஒரு முழுச் சுற்றுத் தடவ வேண்டும், நடுவளையத்தின் இருபுறமும் ரேகை தொடர்கிறதா என்று நோக்க வேண்டும், பேனாவைச் சன்னலை நோக்கிச் சாய்த்து ஒளிக்கீற்று நெளியாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இம்மூன்றிலும் தேறிய வேம்புப் பேனா, தேறாத கருங்காலிப் பேனாவைவிட உயர்ந்தது, விலை எதுவாக இருந்தாலும். வாங்கியபின் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதிருந்தால் போதும்.